ஓஎஸ்ஸைக் கண்டறியும் நிரலை டெஸ்ட் செய்ய எந்த வழி: மாக்கா, ஆர்க்யுமென்ட்டா, நிஜ மெஷினா?

முன்பு வேலை பார்த்த இடத்தில், சர்வர்களில் போடுகிற ஒரு சின்ன ஏஜென்ட்டைப் பைத்தானில் எழுதினோம். இன்ஸ்டால் ஆகும்போது அது மூன்று விஷயங்களைப் பார்க்கும்: ஓஎஸ் எது, சிப் எது, பைத்தான் எந்தப் பதிப்பு. பார்த்துவிட்டு அதற்குரிய பைனரியை (அந்தச் சிப்பில் நேராக ஓடும் ஃபைலை) இறக்கிக்கொள்ளும். டெஸ்ட் எல்லாம் பச்சையாகவே இருந்தன. ஆர்ம் சிப் வைத்த லினக்ஸ் சர்வர் ஒன்றில் முதல் தடவை போட்டபோது, ‘எக்ஸெக் ஃபார்மேட் எரர்’ என்று ஒரே வரி வந்து நின்றுவிட்டது. இன்டெல் சிப்புக்கான பைனரி போய் இறங்கியிருந்தது.

நிரல் கேட்டது, ஓடும் மெஷினைப் பற்றிச் சொல்லும் பைத்தானின் பிளாட்ஃபார்ம் மாட்யூலில் உள்ள மெஷின் ஃபங்ஷனை. ‘ஆர்ம்64’ என்று பதில் வந்தால் ஆர்ம் பைனரி, இல்லையென்றால் இன்டெல். இதற்கு டெஸ்ட்டும் இருந்தது. அந்த டெஸ்ட், மெஷின் ஃபங்ஷனை மாக் செய்து, அதாவது உண்மையான ஃபங்ஷன் இருக்கும் இடத்தில் போலி ஒன்றை வைத்து, ‘ஆர்ம்64’ என்று பதில் சொல்ல வைத்திருந்தது. எழுதியவர் மேக்கில் வேலை செய்பவர். மேக்கில் அந்தப் பதில்தான் வரும். லினக்ஸில் அதே வகைச் சிப் தன்னை ‘ஏஆர்ச்64’ என்று சொல்லிக்கொள்ளும். வின்டோஸில் ‘ஆர்ம்64’தான், ஆனால் எழுத்தெல்லாம் கேப்பிட்டல். இன்டெல் பக்கமும் இதே கதை. லினக்ஸிலும் மேக்கிலும் ‘எக்ஸ்86_64’ வரும். வின்டோஸில், உள்ளே இருப்பது இன்டெல் சிப்பாகவே இருந்தாலும், ‘ஏஎம்டி64’ வரும்.

நாங்கள் சொல்லிக்கொடுத்த பதிலை நிரல் சரியாக எடுத்துக்கொள்கிறதா என்று மட்டும் அந்த டெஸ்ட் பார்த்தது. லினக்ஸ் உண்மையில் என்ன சொல்லும் என்று லினக்ஸை யாரும் கேட்கவே இல்லை.

இந்த வகை நிரலில் இருக்கும் அடிப்படைச் சிக்கல் இதுதான். டெஸ்ட் ஓடுவது ஒரு மெஷினில். நிரலுக்குள் இருக்கும் கிளைகளோ ஐந்தாறு மெஷின்களுக்கானவை. மீதிக் கிளைகளை எப்படி ஓட்டிப் பார்ப்பது என்பதற்குப் பெரும்பாலானவர்கள் நாலு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். பைத்தானின் ஃபங்ஷன்களை மாக் செய்வது ஒன்று. சூழல் விவரங்களை ஆர்க்யுமென்ட்டாகக் கொடுப்பது இரண்டாவது. நிஜ மெஷின்களில் எடுத்த பதிவுகளை ஃபைலாக வைத்து ஓட்டுவது மூன்றாவது. நிஜ மெஷின்களிலேயே ஓட்டுவது நாலாவது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டையும் மூன்றையும் சேர்த்து அடித்தளமாக வையுங்கள், நாலாவதைச் சிறிய அளவில் வைத்திருங்கள், ஆனால் விடாதீர்கள். மாக்கை ஓரத்தில், தவிர்க்கவே முடியாத இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். ஏன் என்பதற்குத்தான் மீதிக் கட்டுரை.

மாக் செய்வது

இதற்கு ஒரு பெரிய நன்மை உண்டு, அதை மறுக்கவே முடியாது. ஏற்கெனவே எழுதிய நிரலில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டாம். டெஸ்ட்டுகளை ஓட்டும் பைடெஸ்ட் கருவியில், ஒரு மதிப்பை மாற்றி டெஸ்ட் முடிந்ததும் பழையபடி வைக்கும் மங்கிபேட்ச் ஃபிக்ஸ்சரை வாங்கி, பிளாட்ஃபார்ம்.சிஸ்டம் ஃபங்ஷன் ‘வின்டோஸ்’ என்று சொல்லட்டும் என ஒரு வரி எழுதினால் போதும். பத்து வருஷம் யாரும் தொடாத நிரல் கைக்கு வருகிறது, அதைத் திருத்துவதற்கு முன் ஒரு பாதுகாப்பு வேண்டும் என்றால் நானும் இதைத்தான் செய்வேன்.

சிக்கல் வருவது அடுத்த கட்டத்தில். நாம் மாற்றுவது நம் நிரல் பார்க்கும் உலகத்தை மட்டும் அல்ல; அந்த ப்ராசஸில் ஓடும் எல்லோரும் பார்க்கும் உலகத்தை. இதை நேரில் பார்க்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. லினக்ஸில் ஒரு டெஸ்ட்டுக்குள் ஓஎஸ்.நேம் மதிப்பை ‘என்டி’ என்று மாற்றுங்கள். வின்டோஸில் அதன் மதிப்பு அதுதான், ஆகவே நியாயமான மாற்றம்தான். அப்புறம் அந்த டெஸ்ட் ஃபெயில் ஆகும்படி ஒரு அசர்ட் எழுதுங்கள். ஃபெயில் ஆன வரியைக் காட்ட வேண்டிய பைடெஸ்ட், அதற்குப் பதில் ‘இன்டர்னல் எரர்’ என்று தானே விழுந்துவிடும். ஏனென்றால் ஃபைல் இருக்கும் பாதைகளைக் கையாளும் பைத்தானின் பாத்லிப், ஒரு பாத் ஆப்ஜெக்ட்டை உருவாக்கும்போது ஓஎஸ்.நேமைப் பார்த்துத்தான் வின்டோஸ் பாத்தா பாசிக்ஸ் (லினக்ஸ், மேக் வகை) பாத்தா என்று முடிவு செய்கிறது. ‘என்டி’ என்று கண்டதும் வின்டோஸ் பாத்தை உருவாக்கப் பார்க்கும். லினக்ஸில் அதை உருவாக்க முடியாது என்று எரர் வரும். டெஸ்ட் ஃபெயில் ஆன விவரத்தை எழுதப் பைடெஸ்ட்டும் பாத்லிப்பைத்தான் பயன்படுத்துகிறது. மங்கிபேட்ச் மாற்றியதைப் பழையபடி வைப்பது அதற்கெல்லாம் பின்னால்தான்.

டெஸ்ட் பாஸ் ஆகும்வரை இது தெரியவே தெரியாது. என்றாவது ஒருநாள் ஃபெயில் ஆகும்போது, என்ன தப்பு என்று சொல்ல வேண்டிய கருவியே பேச முடியாமல் போகும். டெஸ்ட்டின் முழுப் பயனும் அந்த நேரத்துக்காகத்தானே.

இரண்டாவது பொறி பிளாட்ஃபார்ம் மாட்யூலுக்குள்ளேயே இருக்கிறது. அதன் யூநேம் ஃபங்ஷன் முதல் முறை கேட்டதும் விடையை எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறையிலிருந்து வைத்ததையே கொடுக்கும். சிஸ்டம், மெஷின், ரிலீஸ் எல்லாம் அதன் வழியாகத்தான் போகின்றன. ஆகவே இன்னும் அடிமட்டத்துக்குப் போய் ஓஎஸ்.யூநேமை மாக் செய்பவர்களுக்கு விசித்திரமான அனுபவம் கிடைக்கும். டெஸ்ட்டைத் தனியாக ஓட்டினால் பாஸ். மொத்தமாக ஓட்டினால் ஃபெயில், ஏனென்றால் வேறொரு டெஸ்ட் ஏற்கெனவே உண்மையான விடையைக் கேட்டு வாங்கிவிட்டது. இதைவிட மோசமான நிலையும் உண்டு. நம் போலி விடை முதலில் போய் உட்கார்ந்துவிட்டால், மாக் நீங்கிய பிறகும் பின்னால் வரும் டெஸ்ட்டுகள் அந்தப் போலி விடையையே பெறும்.

மூன்றாவது, மாட்யூலின் தலைப்பகுதியிலேயே எழுதிவைக்கும் மாறிலி. ‘இது வின்டோஸா’ என்று ஒரு பெயர் வைத்து, சிஸ்.பிளாட்ஃபார்ம் ‘வின்32’ ஆக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துச் சேமித்துவிடுவார்கள். நல்ல பழக்கம்தான், வாசிக்க எளிது. ஆனால் அந்த மதிப்பு இம்போர்ட் ஆகும்போதே முடிவாகிவிட்டது, பிறகு சிஸ்.பிளாட்ஃபார்மை என்ன மாற்றினாலும் அதற்குத் தெரியாது. உடனே மாட்யூலை ரீலோட் செய்யலாம் என்று தோன்றும். ரீலோட் செய்தால் அதற்குள் இருக்கும் கிளாஸ்கள் புதிதாகப் பிறக்கும். பழைய கிளாஸை முன்பே வாங்கி வைத்திருக்கும் மற்ற மாட்யூல்கள் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். பெயர் ஒன்று, கிளாஸ் இரண்டு. எக்செப்ஷனைப் பிடிக்க வேண்டிய இடத்தில் அது பிடிபடாமல் நழுவிப் போகும்.

இன்டர்ப்ரெட்டர் (பைத்தான் நிரலை ஓட்டும் கருவி) பதிப்பை மாக் செய்வதில் ஒரு சின்ன விஷயம். சிஸ்.வெர்ஷன்_இன்ஃபோவுக்குப் பதில் 3, 8, 0 என்று வெறும் டூப்பிளை (எண்களின் வரிசையை) வைத்தால் ஒப்பிடும் வரிகள் ஓடும், ‘.மேஜர்’ என்று கேட்கும் வரிகள் உடையும். கேட்பது நம் நிரலாக இல்லாமல், அந்த நேரத்தில் இம்போர்ட் ஆகிற வேறொரு லைப்ரரியாகவும் இருக்கலாம்.

இத்தனையையும் சமாளிக்கலாம். வழி தெரிந்தவர்கள் சமாளிக்கிறார்கள். ஆனால் முதலில் சொன்ன ‘ஆர்ம்64’ பிரச்சினையை எவ்வளவு கவனமான மாக்காலும் சமாளிக்க முடியாது. மாக்கில் இருப்பது நம் நம்பிக்கை. பிளாட்ஃபார்ம்.சிஸ்டம் மேக்கில் ‘மேக்ஓஎஸ்’ என்று சொல்லும் என்று ஒருவர் நம்பினால், நிரலிலும் அதையே எழுதுவார், மாக்கிலும் அதையே எழுதுவார், இரண்டும் ஒத்துப்போகும். உண்மையில் வருவது ‘டார்வின்’. வின்டோஸுக்குள் லினக்ஸ் போன்ற சூழல் தரும் சிக்வினில் வருவதோ பின்னால் பதிப்பு எண்ணெல்லாம் ஒட்டிய ‘சிக்வின்_என்டி’ என்று தொடங்கும் நீளமான பெயர். அதை மனதிலிருந்து யாரும் எழுத மாட்டார்கள்.

விவரங்களை ஆர்க்யுமென்ட்டாகக் கொடுப்பது

இந்த நிரல்களை உற்றுப் பார்த்தால் இரண்டு வேலைகள் கலந்து கிடப்பது தெரியும். கேட்பது ஒன்று, முடிவெடுப்பது ஒன்று. ‘நீ எந்த ஓஎஸ்’ என்று கேட்பது இரண்டு வரி. ‘அப்படியென்றால் எந்த பைனரி, எந்த ஃபோல்டர், எந்த கமாண்ட்’ என்று முடிவெடுப்பது இருநூறு வரி. பிழைகள் பெரும்பாலும் இருப்பது இருநூறு வரியில். ஆகவே இரண்டையும் பிரித்துவிட வேண்டும்.

நாங்கள் பிறகு செய்தது இதுதான். சூழல் என்று ஒரு சின்ன டேட்டாகிளாஸ் (விவரங்களை வைத்திருப்பதற்கான கிளாஸ்). உருவாக்கியபின் மாற்ற முடியாதபடி ஃப்ரோசன். அதில் ஓஎஸ் பெயர், சிப் பெயர், லினக்ஸ் என்றால் எந்த டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகை), நிரல்கள் அடியில் சார்ந்திருக்கும் சி லைப்ரரி எது, எந்த இன்டர்ப்ரெட்டர், அதன் பதிப்பு டூப்பிளாக. இதை நிரப்புவதற்கு ஒரே ஒரு ஃபங்ஷன். அந்த ஃபங்ஷனைத் தவிர வேறெங்கும் பிளாட்ஃபார்ம் மாட்யூலையோ சிஸ்.பிளாட்ஃபார்மையோ தொடக்கூடாது என்று ஒரு விதி. மற்ற ஃபங்ஷன்கள் எல்லாம் சூழலை ஆர்க்யுமென்ட்டாக வாங்கிக்கொள்ளும்.

டெஸ்ட் எப்படி மாறிப்போகிறது என்றால், மாக் என்ற பேச்சே இல்லை. பைடெஸ்ட்டின் பாராமெட்ரைஸில் ஒரு அட்டவணை: இந்தச் சூழல் கொடுத்தால் இந்த பைனரி வர வேண்டும். முப்பது வரி இருந்தாலும் ஒரு நொடிக்குள் ஓடி முடியும், எந்த மெஷினிலும் ஒரே விடை. எதையும் பழையபடி வைக்க வேண்டியதில்லை, வரிசை மாறினாலும் கவலையில்லை.

பைத்தான் உலகம் தினமும் சார்ந்திருக்கும் ஒரு லைப்ரரியே இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு பேக்கேஜ் ‘வின்டோஸில் மட்டும் இந்த டிபெண்டன்சி (சார்ந்திருக்கும் இன்னொரு பேக்கேஜ்) வேண்டும்’ என்று எழுதும் மார்க்கர்களைப் பெப் 508 என்ற பைத்தான் ஆவணம் வரையறுத்தது. ஓஎஸ்_நேம், சிஸ்_பிளாட்ஃபார்ம், பிளாட்ஃபார்ம்_மெஷின், பைத்தான்_வெர்ஷன், இம்ப்ளிமென்டேஷன்_நேம் என்று சூழலை விவரிக்கும் 11 பெயர்கள் அதில் உண்டு. அவற்றைக் கணக்கிடும் பேக்கேஜிங் லைப்ரரியில், இந்தப் பெயர்களுக்கான மதிப்புகளைச் சேகரிக்கும் ஃபங்ஷன் தனி, மார்க்கரை மதிப்பிடும் மெத்தட் தனி. மதிப்பிடும் மெத்தட்டுக்கு ஒரு டிக்ஷனரியைக் கையில் கொடுத்தால் லினக்ஸில் உட்கார்ந்துகொண்டு வின்டோஸுக்கான விடையை வாங்கலாம். டெஸ்ட்டுக்கு உதவும் இந்தப் பிரிப்பு, இன்னொரு மெஷினுக்காக டிபெண்டன்சிகளைக் கணக்கிடும் கருவிகளுக்கும் உதவுகிறது.

அதே பெப் 508இல் ஒரு பாடமும் இருக்கிறது. பைத்தான்_வெர்ஷன் என்பதை முதலில் பதிப்பு எண்ணின் முதல் மூன்று எழுத்து என்று வரையறுத்திருந்தார்கள். 3.9 வரை சரி. 3.10 வந்தால் முதல் மூன்று எழுத்து ‘3.1’. பிறகு, புள்ளியில் பிரித்து முதல் இரண்டு பகுதியை எடுத்துச் சேர்ப்பது என்று திருத்தினார்கள். இதே பிழை எத்தனையோ நிரல்களில் இருந்தது. 2021 அக்டோபரில் 3.10 வெளியானபோது, அதுவரை ஒழுங்காக ஓடிய நிரல் தான் ஓடுவது பைத்தான் 3.1 என்று நினைத்துக்கொண்டது. பதிப்பை ஆர்க்யுமென்ட்டாக வாங்கும் ஃபங்ஷனாக இருந்திருந்தால், 3.10 என்ற பைத்தான் பிறப்பதற்கு முன்பே அந்த ஒரு வரி டெஸ்ட்டை எழுதியிருக்கலாம். எதிர்காலப் பதிப்பை இன்றைக்கே கொடுத்துப் பார்க்க முடிவது இந்த வழியின் மிகப்பெரிய பலம் என்று நினைக்கிறேன். நிஜ மெஷின் வழிக்கு அந்தப் பலம் கிடையாது.

சரி, குறை என்ன? பழைய நிரலாக இருந்தால் நிறைய ஃபங்ஷன்கள் வாங்கும் ஆர்க்யுமென்ட்டுகளை மாற்ற வேண்டும். சூழலை ஐந்து அடுக்கு தாண்டிக் கடத்திக்கொண்டு போக வேண்டும். சிலர் ஆர்க்யுமென்ட்டுக்கு இயல்பு மதிப்பாகச் சேகரிக்கும் ஃபங்ஷனையே கூப்பிட்டு வைப்பார்கள். அது இம்போர்ட் நேரத்திலேயே ஓடிவிடும், பழைய பொறிக்குள் திரும்ப விழுவோம். இயல்பு மதிப்பை ‘நன்’ (None, மதிப்பு எதுவும் இல்லை) என்று வைத்து, ஃபங்ஷனுக்குள் வந்தபின் கேட்பதுதான் சரி.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஆர்க்யுமென்ட்டாகக் கொடுக்கும் சூழலையும் நாம்தானே எழுதுகிறோம்? ஓஎஸ் ‘லினக்ஸ்’, சிப் ‘ஆர்ம்64’ என்று ஒரு சூழலை உருவாக்குவதை எதுவும் தடுக்காது. அப்படிச் சொல்லும் லினக்ஸ் சர்வரை நான் பார்த்ததே இல்லை. மாக் வழியில் செய்த அதே தப்பை இன்னும் அழகான வடிவத்தில் செய்திருப்போம். அதனால்தான் இரண்டாவது வழியைத் தனியாகப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை.

நிஜ மெஷினின் பதிவுகள்

லினக்ஸ் டிஸ்ட்ரோவைக் கண்டுபிடிக்க, அமைப்பு ஃபைல்கள் கிடக்கும் இடிசி ஃபோல்டரில் இருக்கும் ஓஎஸ்-ரிலீஸ் ஃபைலைப் படிக்க வேண்டும். அதற்கான ஃபங்ஷன் முன்பு பைத்தானிலேயே இருந்தது, 3.8இல் எடுத்துவிட்டார்கள். டிஸ்ட்ரோ என்ற தனி லைப்ரரி அந்த இடத்துக்கு வந்தது. 3.10இல், அந்த ஃபைலைப் படிக்க மட்டும் ஒரு ஃபங்ஷனைப் பைத்தானில் மறுபடி சேர்த்தார்கள்.

பார்ப்பதற்கு ஒரு சாதாரண ஃபைல்தான். பெயர், சமக்குறி, மதிப்பு. ஆனால் ஒவ்வொரு டிஸ்ட்ரோவிலும் அதைத் திறந்து பாருங்கள். உபுண்டு பதிப்பு எண்ணை ‘22.04’ என்று மேற்கோள் குறிக்குள் போடும். ஆல்பைன் குறி இல்லாமல் போடும். ஆர்ச் லினக்ஸில் பதிப்பு எண் என்ற வரியை எதிர்பார்க்கவே கூடாது, ஏனென்றால் அதற்குப் பதிப்பு என்ற ஒன்றே கிடையாது, ஓடிக்கொண்டே இருக்கும் டிஸ்ட்ரோ. அமேசான் லினக்ஸ் 2 தன் ஐடியை ‘ஏஎம்இசட்என்’ என்று சொல்லும். ஐடி_லைக் என்ற வரியில் சென்ட்ஓஎஸ், ரெட்ஹாட், ஃபெடோரா மூன்றையும் தன் உறவினராகச் சொல்லும். அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸ் போல டெபியனிலிருந்து கிளைத்தவை ஏராளம். ஐடியை மட்டும் பார்த்து ‘தெரியாத டிஸ்ட்ரோ’ என்று கையை விரிக்கும் நிரல், ஐடி_லைக்கையும் பார்த்தால் பல இடங்களில் பிழைத்துக்கொள்ளும்.

இத்தனை வேறுபாடுகளையும் யாராலும் உட்கார்ந்து கற்பனை செய்ய முடியாது. டிஸ்ட்ரோ லைப்ரரியின் டெஸ்ட் ஃபோல்டரில் கற்பனை கிடையாது. ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் ஒரு ஃபோல்டர், அதற்குள் அந்த டிஸ்ட்ரோவின் இடிசி ஃபைல்கள் அப்படியே. லைப்ரரியின் முக்கிய கிளாஸ், ரூட் ஃபோல்டர் எது என்பதை ஆர்க்யுமென்ட்டாக வாங்கிக்கொள்ளும். அந்த ஃபோல்டரைக் காட்டி ஓட்டினால் போதும். இரண்டாவது வழியும் மூன்றாவது வழியும் கைகோக்கும் இடம் இது. பேக்கேஜிங் லைப்ரரியிலும் இப்படி ஒன்று இருக்கிறது: வெவ்வேறு சிப்புகளுக்காக பில்டு செய்த சின்னஞ்சிறு ‘ஹலோ வேர்ல்டு’ பைனரிகளையே டெஸ்ட் ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறார்கள், பைனரியின் தலைப்பகுதியைப் படிக்கும் நிரலைச் சோதிக்க.

எங்கள் ஏஜென்ட்டில் ‘டயக்னோஸ்’ என்று ஒரு கமாண்ட் சேர்த்தோம். சூழலைச் சேகரிக்கும் அதே ஃபங்ஷனை ஓட்டி, விடையை ஜேசனாக (பெயரும் மதிப்புமாக எழுதும் எளிய வடிவில்) அச்சிடும். பயனர் பெயர், ஹோஸ்ட் பெயர் எதுவும் அதில் வராது. இது முக்கியம், ஏனென்றால் யூநேம் விடையில் ஹோஸ்ட் பெயர் சேர்ந்தே வரும். யாராவது பிரச்சினை என்று வந்தால் முதலில் அந்த ஜேசனை வாங்குவோம். வாங்கியது அப்படியே டெஸ்ட் ஃபோல்டருக்குள் போகும், தேதியோடு.

தேதி ஏன் என்றால், பதிவுகளுக்கு வயதாகும். சிஸ்.பிளாட்ஃபார்ம் லினக்ஸில் ‘லினக்ஸ்2’ என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது, 3.3இலிருந்துதான் வெறும் ‘லினக்ஸ்’. ஆண்ட்ராய்டில் ‘லினக்ஸ்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது 3.13 முதல் ‘ஆண்ட்ராய்டு’ என்று சொல்கிறது. 2020இல் மேக்ஓஎஸ் 11 வந்தபோது, பழைய எஸ்டிகே (ஆப்பிள் தரும் பில்டு கருவித்தொகுப்பு) வைத்து பில்டு செய்த பைத்தான்கள் பதிப்பு எண்ணை 10.16 என்று சொல்லின. அப்படியொரு பதிப்பில் மேக்ஓஎஸ் வெளியானதே இல்லை. வின்டோஸ் 11இன் உள் எண் இன்னும் 10.0தான், பில்டு எண் 22000 முதல் தொடங்குகிறது என்பதை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். ஆப்பிள் சிப் மேக்கில், இன்டெல் நிரல்களை அங்கே ஓட வைக்கும் ரொசெட்டா வழியாக இன்டெல் பைத்தானை ஓட்டினால் சிப் பெயர் ‘எக்ஸ்86_64’ என்று வரும். பைத்தானைப் பொறுத்தவரை அது சரியான விடை, ‘இந்த மெஷினில் என்ன சிப்’ என்று கேட்டவருக்குத் தப்பான விடை. இவை ஒவ்வொன்றும் ஒரு ஜேசன் ஃபைலாக உட்கார்ந்திருந்தால், புதிதாக வரும் ஆள் கமெண்ட் படிக்காமலே கற்றுக்கொள்வார்.

நிஜ மெஷினில் ஓட்டுவது

இது ஒரே வழி போலத் தோன்றும். உண்மையில் மூன்று வெவ்வேறு செலவுகள் இதற்குள் ஒளிந்திருக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் பலர் ‘எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஓட்டுவோம்’ என்று அறுபது ஜாப் (தானாக ஓடும் தனித்தனி டெஸ்ட் ஓட்டங்கள்) வைத்துவிட்டு ஒரு மாதத்தில் சலித்துப்போகிறார்கள்.

இன்டர்ப்ரெட்டர் பதிப்புக்கு ஏறக்குறைய செலவே இல்லை. டாக்ஸ், நாக்ஸ் என்ற கருவிகள் இரண்டும் இதற்காகவே இருப்பவை. யூவி கருவி வந்தபிறகு, கேட்ட பைத்தான் பதிப்பைத் தானே இறக்கி ஓட்டிவிடுகிறது, பைபை என்ற மாற்று இன்டர்ப்ரெட்டரையும் சேர்த்து. ஆகவே இன்டர்ப்ரெட்டரை மாக் செய்ய எனக்குக் காரணமே தெரியவில்லை, இன்னும் வெளிவராத பதிப்பைத் தவிர. ஒரு எச்சரிக்கை: ஜாப்புகளை விவரிக்கும் யாமில் ஃபைலில் பதிப்புகளைப் பட்டியலிடும்போது 3.10 என்பதை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். போடாவிட்டால் யாமில் அதைத் தசம எண்ணாக எடுத்து, கடைசிச் சுழியத்தை விட்டுவிட்டு 3.1 என்று கொடுக்கும். முன்பு சொன்ன அதே பிழை, டெஸ்ட்டை ஓட்டும் ஃபைலிலேயே.

டிஸ்ட்ரோவுக்கும் அதிகச் செலவில்லை. ஒரே மெஷினில் வெவ்வேறு லினக்ஸ் சூழல்களைக் கன்டெய்னர்களாக ஓட்டும் டாக்கர் இருந்தால் ஆல்பைன், டெபியன், ஃபெடோரா என்று நிமிஷத்தில் மாறலாம். ஆல்பைனை ஒருபோதும் விடாதீர்கள். அதன் சி லைப்ரரி மசல், மற்றவற்றின் ஜிலிப்சி அல்ல. சி லைப்ரரியைக் கேட்கும் பிளாட்ஃபார்ம் ஃபங்ஷன் பல பைத்தான் பதிப்புகளில் அங்கே எதுவும் இல்லாத வெற்று விடையைக் கொடுக்கும். டாக்கரின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். கன்டெய்னருக்குள் கர்னல் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) வெளியே இருக்கும் மெஷினுடையதுதான், பிளாட்ஃபார்ம்.ரிலீஸ் அதைத்தான் சொல்லும். 64 பிட் மெஷினில் 32 பிட் இமேஜை ஓட்டினால் சிப் பெயர் ‘எக்ஸ்86_64’ என்றே வரும், உள்ளே ஓடுவது 32 பிட் பைத்தானாக இருந்தாலும்.

செலவு பிடிப்பது ஓஎஸ்தான். வின்டோஸ், மேக் இரண்டையும் கையில் வைத்திருக்காதவர்கள் இணையம் வழியாகத் தன் மெஷின்களில் டெஸ்ட்டை ஓட்டித் தரும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் போன்றவற்றை நம்ப வேண்டும். பொது ரெப்போவுக்கு (எல்லோரும் பார்க்கக்கூடிய நிரல் தொகுப்புக்கு) இலவசம். தனியார் ரெப்போவுக்கு வின்டோஸ் நிமிஷம் லினக்ஸ் நிமிஷத்தைவிட விலை கூடுதல், மேக் நிமிஷம் அதைவிடவும் கூடுதல். அங்கேயும் ‘லேட்டஸ்ட்’ என்ற பெயரை நம்பி இருக்க முடியாது: 2024இல் ‘மேக்ஓஎஸ்-லேட்டஸ்ட்’ இன்டெல்லிலிருந்து ஆப்பிள் சிப்புக்கு மாறியது. பெயர் அதே, சிப் வேறு. சிப்பைப் பார்த்து முடிவெடுக்கும் நிரலுக்கு அது புது மெஷின்.

அதனால் நான் அங்கே மொத்த டெஸ்ட்டையும் ஓட்டச் சொல்வதில்லை. ஒவ்வொரு ஓஎஸ்ஸிலும் ஒரு ஜாப், சேகரிக்கும் ஃபங்ஷனை மட்டும் நிஜமாக ஓட்டி, விடை நமக்குத் தெரிந்த பெயர்களில் ஒன்றா என்று பார்த்தால் போதும். வின்டோஸ் ஜாப்பில் ‘வின்டோஸ்’ வருகிறதா, மேக்கில் ‘டார்வின்’ வருகிறதா, சிப் பெயர் நம் பட்டியலில் இருக்கிறதா. பத்து டெஸ்ட்கூட இருக்காது.

ஸ்கிப் செய்வது பற்றி ஒரு வார்த்தை. ‘வின்டோஸ் இல்லையென்றால் இந்த டெஸ்ட்டைத் தவிர்’ என்று எழுதுவது வசதி. ஆனால் நிமிஷச் செலவைக் குறைக்க யாரோ வின்டோஸ் ஜாப்பை நீக்கிவிட்டால், அந்த டெஸ்ட் உலகில் எங்குமே ஓடாது. அறிக்கை பச்சையாகவே இருக்கும். பைடெஸ்ட்டை ஸ்கிப் காரணங்களையும் அச்சிடும் விருப்பத்தோடு ஓட்டி, மாதம் ஒருமுறையாவது அதைப் படியுங்கள்.

கேட்காமலே இருக்க முடியுமா?

நாலு வழிகளையும் எடை போடுவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. நிறைய இடங்களில் ஓஎஸ் பெயர் நமக்குத் தேவையே இல்லை. ஒரு வசதி இருக்கிறதா என்பதுதான் தேவை. எந்த ப்ராசஸர் கோர்களில் ஓடலாம் என்று சொல்லும் ஃபங்ஷன் லினக்ஸில் உண்டு, மேக்கிலும் வின்டோஸிலும் இல்லை. ‘லினக்ஸா’ என்று கேட்பதைவிட ‘ஓஎஸ் மாட்யூலில் அந்த ஃபங்ஷன் இருக்கிறதா’ என்று கேட்பது நேரடியானது. இதை டெஸ்ட் செய்ய அந்த ஒரு பெயரை மங்கிபேட்ச்சால் நீக்கினால் போதும். மற்ற யாருடைய உலகமும் மாறாது. மாக்குக்கு நான் மனமார இடம் கொடுக்கும் இடம் இதுதான்.

பாத் விஷயத்திலும் அப்படியே. வின்டோஸ் பாத்தைக் கையாளும் நிரலைச் சோதிக்க வின்டோஸ் வேண்டியதில்லை. என்டிபாத் மாட்யூலை லினக்ஸிலும் இம்போர்ட் செய்யலாம். பியூர் வின்டோஸ் பாத் கிளாஸ் எங்கும் ஓடும். ஓஎஸ்.நேமை மாற்றிப் பைடெஸ்ட்டை விழவைக்கும் தேவையே இருக்காது.

இன்னொரு சின்ன உதவி, டைப்புகளைச் சரிபார்க்கும் மைபை கருவியிடமிருந்து. பிளாட்ஃபார்ம் எது என்பதை அதற்குக் கமாண்டிலேயே சொல்லி, லினக்ஸில் இருந்தபடி வின்டோஸ் கிளையின் டைப்புகளைச் சரிபார்க்கலாம். ஆனால் அதற்குப் புரிவது சிஸ்.பிளாட்ஃபார்ம், சிஸ்.வெர்ஷன்_இன்ஃபோ இரண்டையும் நேராக ஒப்பிடும் வரிகள்தான். பிளாட்ஃபார்ம்.சிஸ்டம் என்று எழுதினால் அதற்குத் தெரியாது.

எனக்கு எது?

உங்கள் கருவி உங்கள் அலுவலக உபுண்டு சர்வர்களில் மட்டும் ஓடும் என்றால், வின்டோஸ் கிளையையே எழுதாதீர்கள்; டெஸ்ட் செய்யும் கேள்வியும் வராது. ஒரே இடத்தில் ஒரு ‘இஃப்’ மட்டும், கோப்புப் பெயர் மாறுவதற்காக இருக்கிறது என்றால், பிளாட்ஃபார்ம்.சிஸ்டமை அந்த மாட்யூலுக்குள் மாக் செய்து முடித்துவிடலாம்; சூழல் கிளாஸ் அளவுக்கு அது தாங்காது. அந்த ‘இஃப்’ மூன்றாவது இடத்தில் எட்டிப்பார்க்கும் நாள்தான் பிரிக்க வேண்டிய நாள். ஐந்தாறு இடத்துக்குப் பரவியபின் பிரிப்பது வலிக்கும், நாங்கள் பட்டிருக்கிறோம்.

பொதுமக்கள் தங்கள் மெஷினில் நிறுவும் கருவி, இன்ஸ்டாலர், பைனரியைத் தேர்ந்தெடுக்கும் நிரல், பேக்கேஜ் மேனேஜரோடு பேசும் நிரல் என்றால் யோசிக்கவே வேண்டாம். சூழல் ஆர்க்யுமென்ட், நிஜப் பதிவுகளின் ஃபோல்டர், ஓஎஸ்ஸுக்கு ஒரு சின்ன ஜாப். மூன்றும் வேண்டும். பழைய நிரலைக் கையில் எடுத்தவர்கள் மாக்கோடு தொடங்கி, ஒவ்வொரு ஃபங்ஷனாகப் பிரிக்கப் பிரிக்க மாக்கை நீக்கிக்கொண்டே வரலாம். எங்களுக்கு அதற்கு இரண்டு ரிலீஸ் பிடித்தது.

எங்கள் பதிவு ஃபோல்டரில் முதல் ஃபைல், விழுந்த அந்த ஆர்ம் சர்வருடையது. நான் அங்கிருந்து கிளம்புவதற்கு முன் கடைசியாகச் சேர்த்தது ஒரு ராஸ்பெர்ரி பையின் ஜேசன். அதில் கர்னல் 64 பிட், மற்றதெல்லாம் 32 பிட். சிப் பெயர் ‘ஏஆர்ச்64’ என்று அழகாக வந்திருந்தது, ஆனால் அந்தப் பைத்தானின் பாயின்ட்டர் அளவு 4 பைட், அதாவது 32 பிட். முதல் பிழைக்காக நாங்கள் திருத்திய வரி இந்தப் பதிவைப் பார்த்ததும் தப்பான 64 பிட் பைனரியை எடுத்தது. டெஸ்ட் சிவப்பாக வந்தது, இம்முறை யாருடைய சர்வரும் விழவில்லை. அன்று மாலையே சூழல் கிளாஸில் பாயின்ட்டர் அளவு என்று இன்னொரு வரி சேர்த்தோம்.